அப்பாவைக் கூட்டிட்டு வா

எங்கள் அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம். சிவப்பு, பன்னிரண்டாம் வகுப்பு கணக்கு ஆசிரியர் கிருபைராஜ் சாருடையது. நீலம், ஸ்வீட்லினின் அப்பா கிருபைராஜுடையது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பது பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர.

ஸ்வீட்லின் நான்தான். என் மதிப்பெண் அட்டையைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். வகுப்பாசிரியர் கையெழுத்து என்ற இடத்தில் சிவப்பில் ஒரு கிருபைராஜ். பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் நீலத்தில் அதே கிருபைராஜ், அதே வளைவு, கீழே அதே கோடு. எனக்குச் சிரிப்பு வராது. எரிச்சல்தான் வரும்.

ஆறாம் வகுப்பில் நான் அந்தப் பள்ளியில் சேர்ந்த அன்றே சட்டம் போட்டுவிட்டார். "கேட்டுக்கு வெளிய நான் அப்பா. உள்ள வந்துட்டா சார். ரெண்டையும் கலந்துறக் கூடாது, கேட்டியா?" அதற்கு முன்னால் எப்போதோ ஒரு வாத்தியார் மகன் முதல் மார்க் வாங்கினானாம். கேள்வித்தாள் வீட்டிலேயே கிடைத்திருக்கும் என்று ஊரெல்லாம் பேசினார்களாம். அந்த வாத்தியார் ரிட்டையர் ஆகிற வரைக்கும் தலை நிமிரவே இல்லையாம். நம்மை நோக்கி ஒரு விரல் நீளக் கூடாது என்பது அப்பாவின் கொள்கை. நல்ல கொள்கைதான். அனுபவிப்பது நான்.

தினமும் காலையில் பள்ளிக்குக் கொஞ்சம் தள்ளி, தையல்கடை முன்னால் ஸ்கூட்டரை நிறுத்துவார். நான் இறங்கிக்கொள்ள வேண்டும். அவர் முன்னால் போய் வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையை வாரி, சாராகி நிற்பார். நான் பின்னால் நடந்து போய் "குட் மார்னிங் சார்" சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் தட்டிலிருந்து பாதி ஆம்லெட்டைப் பிய்த்துத் தின்ற அதே மனுஷனுக்கு! அவரும் யாரோ பிள்ளைக்குச் சொல்வதுபோல "மார்னிங்" என்பார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். போன வருஷம் நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. விளையாட்டு விழாவுக்கு ஒத்திகை. உச்சி வெயிலில் வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். கண் இருட்டிக்கொண்டு வந்து நான் மண்ணில் விழுந்துவிட்டேன். முழு மயக்கம் இல்லை. கன்னம் தரையில் ஒட்டிக் கிடக்க, எனக்கு நேர் எதிரே அப்பாவின் பிரவுன் ஷூ தெரிந்தது. அவர் வரிசைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். அந்த ஷூ இப்போது வரும், இப்போது வரும் என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். வரவில்லை. என் பக்கத்தில் உட்காரும் சுகிர்தாவும் இன்னொருத்தியும்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் வீட்டில் என் கால்மாட்டில் உட்கார்ந்து குளுக்கோஸைக் கலக்கிக்கொண்டே, "இப்ப எப்படி இருக்கு பாப்பா?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

நான் டாக்டர் ஆக வேண்டும் என்பது இந்த வீட்டின் ஆசை. என் ஆசை ரொம்பச் சின்னது. அந்த கேட்டுக்கு உள்ளே, ஒரே ஒரு தடவை, எனக்கு அப்பா வேண்டும். அவ்வளவுதான்.

இந்த மே மாதம் நடந்த கூத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பிளஸ் டூ தொடங்குவதற்கு முன்பே பிளஸ் டூ பாடத்தை நடத்தி முடிக்கும் சிறப்பு வகுப்பு. அக்னி நட்சத்திரத்தில் ஊரே வெந்துகொண்டிருந்தது. நாங்கள் மட்டும் யூனிஃபார்மை மாட்டிக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கணக்குத் தேர்வில் நான் ஃபெயில். ஃபெயில் ஆனால் பெற்றோரை அழைத்து வர வேண்டும் என்பது பள்ளி விதி. பேப்பரை என்னிடம் நீட்டினார் சார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஸ்வீட்லின், நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா."

வகுப்பே குலுங்கியது. பின்பெஞ்சு பெனிட்டோ மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டு சிரித்தான். அவன் புன்னைக்காயல்காரன், ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவன். கடல்காற்றில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. மேஜைக்கு அடியிலிருந்தும் நன்றாகவே கேட்டது.

வீட்டில் சாப்பிடும்போது நானும் விடவில்லை. "அப்பா, எங்க கணக்கு சார் ஒங்கள நாளைக்கு வரச் சொன்னாரு."

நக்கலாகத்தான் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எதுக்காம்?" என்றார்.

"நான் ஃபெயிலாம்."

"அப்படியா? சரி, வாரேன்னு சொல்லு."

அம்மாவுக்குப் புரை ஏறிவிட்டது. "ஏங்க, ஒங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? அவ யார்ட்டப் போய்ச் சொல்லுவா?" என்று தலையில் தட்டிக்கொண்டே சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் உண்மையாகவே வந்தார். ஆசிரியர் அறைக்கு வெளியே, மற்ற வகுப்புகளில் ஃபெயில் ஆனவர்களின் பெற்றோர் வரிசையில், கடைசி ஆளாக நின்றார். எங்கள் பள்ளியில் பெற்றோர்கள் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். யாரும் சொல்லி வந்த வழக்கம் இல்லை, கோயிலுக்குள் வருகிற மாதிரி தானாகவே கழற்றிவிடுவார்கள். இவர் மட்டும் ஷூவோடு வந்தார். பெற்றோர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே வகுப்பாசிரியர் நாற்காலி காலி. நீலப் பேனாவை எடுத்து, 'என் மகளைக் கண்டித்து வைக்கிறேன்' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு போய், எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். சிவப்புப் பேனாவை எடுத்து, 'பெற்றோர் நேரில் வந்தார். அறிவுரை கூறப்பட்டது' என்று எழுதினார். கெமிஸ்ட்ரி டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். என் ஆத்திரத்துக்கு அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருப்பேன், தேக்கு, கனம்.

எங்கள் வகுப்பறை மாடியில் இருக்கிறது. அதை ஒட்டிக் கீழே வாய்க்கால். ஆற்றிலிருந்து பிரிந்து வயல்களுக்கும் குளங்களுக்கும் போகிற பெரிய வாய்க்கால். ஜன்னலைத் திறந்தால் வாய்க்கால் தெரியும், பாலம் தெரியும், அதற்கு அப்பால் மேற்கே நீலமாக மலையும் தெரியும். தெரிந்தது என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கிறார்கள் என்று, போன வருஷம் முதலிடம் பிடித்தவர்களின் ஃப்ளெக்ஸ் போர்டை வெளிப்பக்கமாக ஜன்னல் கம்பிகளில் கட்டிவிட்டார்கள். ரோட்டில் போகிறவர்களுக்கு விளம்பரம், எங்களுக்குக் கண்கட்டு. வெயில் அடிக்கும்போது உள்ளேயிருந்து பார்த்தால் அந்த முகங்கள் இடம் வலம் மாறி மங்கலாகத் தெரியும். உச்சியில் மாலையோடு தாளாளர். அதற்குக் கீழே மார்க்கு வாங்கிய அக்காக்களும் அண்ணன்களும். நாள் முழுக்க அத்தனை பேரும் எங்களையே முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பொட்டுக் காற்று வராது.

ஜூன் பிறந்ததும் கார் நெல் சாகுபடிக்கு அணையைத் திறந்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. மறுநாள் காலை சுகிர்தா வகுப்புக்குள் ஓடி வந்தாள். அவள் ஊர் வாய்க்கால் வழியிலேயே மேற்கே இருக்கிறது. அவள் அப்பாவுக்கு நெல் வயல்.

"ஏட்டி, தண்ணி வருதுட்டி! விடியக்காலம் எங்க ஊருக்கு வந்துட்டு. எங்கப்பா வரப்புல நின்னு சின்னப் புள்ள மாதிரி சத்தம் போடுதாரு. நான் பஸ்ல ஏறி அதை முந்திட்டு வந்திருக்கேன்!"

"தண்ணிய முந்திட்டா?"

"ஆமாட்டி. ரோட்டுப் பக்கமா வாய்க்கா வார எடத்துல எல்லாம் பஸ்ல இருந்து பாத்தேன். பைய, மெல்ல மெல்ல நடந்து வருது. மத்தியானத்துக்குள்ள இங்கன வந்துரும் பாரு."

எனக்குக் கையெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து இந்த வாய்க்கால் கரைத் தெருவில்தான் குடியிருக்கிறேன். காய்ந்து கிடக்கும்போது பார்த்திருக்கிறேன், நிறைந்து ஓடும்போது பார்த்திருக்கிறேன். அது வந்து சேரும் நேரத்தை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருஷமும் அப்போது நான் ஏதாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்து எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன். இந்த வருஷமும் அப்படித்தான். நாங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறோம், அங்கே அந்த மலையிலிருந்து ஒரு தண்ணீர் எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கிறது. இதை நினைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரியில் என் மண்டைக்குள் என்ன ஏறும்?

கணக்கு வகுப்பு வந்தது. வேடிக்கையைப் பாருங்கள், அன்றைக்கு சார் நடத்தியதும் தண்ணீர்தான். கரும்பலகையில் ஒரு கூம்பு வரைந்தார். அதற்குள் ஒரே சீராகத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஆழம் இவ்வளவு இருக்கும்போது மட்டம் என்ன வேகத்தில் உயரும்? இந்தக் கூம்புக்குள் எதற்காக ஊற்றுகிறார்கள், யார் குடிப்பார்கள் என்று யாரும் கேட்கக் கூடாது.

முதலில் ஃப்ளெக்ஸில் நிழல்கள் போயின. ஒன்று, பிறகு நாலைந்து, பிறகு கூட்டமாக. கொக்குகள். மார்க்கு வாங்கியவர்களின் நெற்றி மேலும் மூக்கு மேலும் அவற்றின் நிழல் ஓடியது. பிறகு பாலத்துப் பக்கம் சின்னப் பிள்ளைகளின் கூச்சல். ஒரு நாய் விடாமல் குரைத்தது. கடைசியில் அந்த வாசம் வந்தது. மாசக்கணக்கில் வெந்து கிடந்த மண் நனைகிற வாசம், ஃப்ளெக்ஸுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக உள்ளே வந்து வகுப்பு முழுக்கப் பரவியது. எழுதிக்கொண்டிருந்த எல்லோரும் தலையைத் தூக்கினார்கள். சுகிர்தா என் தொடையைக் கிள்ளினாள்.

நான் எழுந்து நின்றேன். "சார்."

"என்ன?"

"தண்ணி வருது சார். ஒரே ஒரு நிமிஷம் எல்லாரும் ஜன்னல்ல பாத்துக்கிடட்டுமா?"

சாக்பீஸ் பலகையிலேயே நின்றது. அவருக்கும் அந்த வாசம் போயிருக்கும், மூக்கு இருக்கிறதே. ஒரு கணம் ஜன்னல் பக்கம் பார்த்தார் என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு, "உட்காரு" என்றார்.

"சார், ஒரே நிமிஷம்."

"உட்காருன்னு சொன்னேன் ஸ்வீட்லின். இங்க யாருக்கும் தனிச் சட்டம் கெடையாது."

தனிச் சட்டமா? நான் எனக்கு மட்டுமா கேட்டேன்? எல்லாரும் என்றுதானே கேட்டேன்! வேறு எந்தப் பிள்ளை கேட்டிருந்தாலும் இந்த வார்த்தை வந்திருக்காது. அவர் மகளாகப் பிறந்த பாவத்துக்கு, ஊர் வாய்க்காலில் வருகிற தண்ணீரைப் பார்க்கக் கேட்டதுகூடச் சலுகை ஆகிவிட்டது. என் காது சூடாகிவிட்டது. நான் உட்காரவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய், கம்பிக்குள் கையை விட்டு, ஃப்ளெக்ஸைப் பிடித்து இழுத்தேன்.

கயிற்றை அவிழ்க்கத்தான் நினைத்தேன். ஒரு வருஷ வெயிலில் அது அப்பளமாகிக் கிடந்திருக்கிறது. சர்ரென்று குறுக்கே கிழிந்து, அடிப்பாதி கழன்று கீழே விழுந்தது. மேல்பாதி தாளாளரின் நெற்றியோடு ஜன்னலில் தொங்கியது. அறைக்குள் வெளிச்சம் கொட்டியது. எல்லோருக்கும் கண் கூசியது. அடுத்த நொடி பெஞ்சுகள் இழுபடுகிற சத்தம், எல்லோரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து மொய்த்துவிட்டார்கள்.

தண்ணீர் இன்னும் எங்கள் பள்ளிக்கு வந்து சேரவில்லை. பாலத்துக்குக் கீழே வந்துகொண்டிருந்தது. வெள்ளம் மாதிரி பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. குழந்தை தவழுகிற வேகம்தான். வாய்க்காலின் அகலம் முழுக்க ஒரு பழுப்பு நாக்கு நீண்டு நீண்டு வந்தது. அதன் விளிம்பில் நுரை. நுரைக்கு முன்னால் சருகு, பிளாஸ்டிக் பை, ஒற்றைச் செருப்பு, யாரோ தொலைத்த பந்து, இவ்வளவு நாளாக ஊர் கொட்டிய அத்தனையையும் தள்ளிக்கொண்டு வந்தது. அதற்கும் முன்னால் தரையே உயிர் பெற்று ஓடியது. எறும்பு, பிள்ளைப்பூச்சி, தேள், வெட்டுக்கிளி, குட்டித் தவளைகள், எல்லாம் வெடிப்புகளுக்குள்ளிருந்து கிளம்பித் தப்பித்தால் போதும் என்று ஓட, கொக்குகள் பின்னோக்கி நடந்து நடந்து அவற்றைப் பொறுக்கின. நாய் குரைத்துக்கொண்டே ஒரு எட்டு பின்வாங்கும், தண்ணீர் ஒரு எட்டு வரும். பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. டிரைவரே இறங்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் நின்ற பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள், ஒருத்தி தலையில் இருந்த பிச்சிப்பூவை எடுத்துப் போட்டாள்.

எங்களுக்கு நேர் கீழே, பையன்கள் கிரிக்கெட் ஆடுவதற்காக வெட்டி வைத்திருந்த கோடு இருந்தது. தண்ணீர் அதற்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஏன் நிற்கிறது என்று புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன், அங்கே நிலம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. தண்ணீர் அந்த வெடிப்புகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தோசைக்கல்லில் தெளித்த மாதிரி ஒரு சத்தம், மாடி வரைக்கும் கேட்டது. குமிழி குமிழியாக மண் மூச்சு விட்டது. ஒவ்வொரு வெடிப்பாக நிரம்பி, நிரம்பி, கடைசி வெடிப்பும் நிரம்பிய பிறகு, யாரோ போகலாம் என்று சொன்னதுபோல அது கோட்டைத் தாண்டி நடந்தது. கடவுளே! மண்ணின் தாகம் தீருகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் அது அடுத்த எட்டு வைக்கிறது. இதைப் பார்க்காமலா இத்தனை வருஷம் இருந்தேன்?

பெனிட்டோகூடக் கிசுகிசுத்தான். "ஏட்டி, இது எங்க ஊருக்குத்தான் வருது. எங்க ஊர்லதான் கடல்ல சேரும்."

"போலே, இது வயலுக்குப் போற தண்ணி. நாங்க குடிச்ச மிச்சம் இருந்தா ஒங்களுக்கு வரும்" என்றாள் சுகிர்தா, அவளும் கிசுகிசுத்துத்தான்.

என் தோளுக்குப் பக்கத்தில் சாக்பீஸ் தூள் வாசம் வந்தது. திரும்பினேன். சார் நின்றுகொண்டிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்துகொண்டு, கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"என்ன நடக்குது இங்க?"

வாசலில் தலைமை ஆசிரியை, எச்.எம். மேடம். நாங்கள் சிதறி ஓடி அவரவர் இடத்தில் விழுந்தோம். மேடம் ஜன்னலைப் பார்த்தார். பாதி நெற்றியோடு தொங்கும் தாளாளரைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"யாரு?"

நான் எழுந்தேன். வேறு யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

"ஒனக்கு அவ்வளவு திமிராயிட்டா? டி.சி.யைக் கிழிச்சுக் கையில குடுத்திருவேன், தெரியுமா? பேரன்ட் வந்து நிக்காம இவ இந்த வகுப்புல உக்காரக் கூடாது. கிருபைராஜ் சார், நீங்கதான கிளாஸ் டீச்சர்? ரிப்போர்ட் எழுதுங்க. இவ பேரன்ட்டை உடனே வரச் சொல்லுங்க."

பழக்க தோஷத்தில்தான் மேடம் சொல்லிவிட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இனி என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். சிவப்புப் பேனா. அப்புறம் நீலப் பேனா. ஸ்வீட்லின், அப்பாவைக் கூட்டிட்டு வா. சாயங்காலம் மறுபடியும் அந்த வரிசை.

சார் சாக்பீஸை வைத்தார். கையைத் தட்டிக்கொண்டார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். எழுதவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

மேடமே திகைத்துவிட்டார். வராந்தாவில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். அப்பா ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அந்த பிரவுன் ஷூ. இரண்டையும் சேர்த்து வாசல் ஓரமாக வைத்தார். பிறகு வெறுங்காலோடு வாசலில் நின்று, "மேடம், உள்ள வரலாமா?" என்றார்.

அப்பா உள்ளே வந்து என் பக்கத்தில் நின்றார். அவர் தோள் என் தோளில் இடித்தது.

"நான் ஸ்வீட்லினோட அப்பா. வரச் சொன்னீங்கள்லா."

"சார், இது வெளையாட்டு இல்ல."

"வெளையாடலை மேடம். அதை இவ கிழிச்சது தப்பு. அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க, ஏத்துக்கிடுதோம். ஆனா எம் மக மொதல்ல கேட்டா. ஒரு நிமிஷம் பாத்துக்கிடட்டுமான்னு எல்லாருக்கும் சேத்து, மரியாதையாத்தான் கேட்டா. அந்த சார்தான் விடலை."

"எந்த சார்?" என்று கேட்டுவிட்டார் மேடம்.

"இவளோட கணக்கு சார்." அப்பா கரும்பலகையைக் காட்டினார். அங்கே பாதி முடிந்த கூம்பும் காலி இடமும்தான் இருந்தன. "அவர்ட்ட நான் கொஞ்சம் பேசணும் மேடம். போன வருஷம் எம் புள்ள கிரவுண்டுல மயங்கி விழுந்தா. அந்த சாரு பக்கத்துலதான் நின்னாரு. யாரும் எதுவும் சொல்லிரக் கூடாதுன்னு ஒரு எட்டு எடுத்து வைக்கலை. அன்னைக்கே வந்து கேட்டிருக்கணும். எனக்குத் தைரியம் வரலை."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. நான் அழக் கூடாது என்று பல்லைக் கடித்தேன், முடியவில்லை. கீழே தண்ணீர் போகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மேடம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு மெதுவாக ஜன்னல் பக்கம் போனார். கீழே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பும்போது கோபம் பாதி இறங்கியிருந்தது.

"அந்த சார்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க ஒங்க மகளைக் கூட்டிட்டுப் போய் மொதல்ல அந்த போர்டை எடுத்துட்டு வாங்க. தாளாளர் மூஞ்சி தண்ணியில போகுது. நாளைக்குப் பூரா இவ வராந்தாவுல நிக்கணும், அது வேற." கதவு வரைக்கும் போனவர் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். "என்ன பாக்குதீங்க? அஞ்சு நிமிஷம். பாத்துட்டு உக்காருங்க."

பெஞ்சுகள் மறுபடியும் இழுபட்டன.

ஃப்ளெக்ஸ் வாய்க்கால் வளைவில், ஒரு கருவேல முள்ளில் சிக்கிக் கிடந்தது. அதற்குள் தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது. அப்பா பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். நானும் இறங்கினேன். இந்த வேகாத வெயிலில் எங்கிருந்து வந்த குளிர்ச்சி அது! பாதத்தில் ஏறி முதுகுத்தண்டு வரைக்கும் போனது. அப்பா அசையாமல் நின்றார். அவர் கால் விரல்களுக்கு நடுவில் குஞ்சு மீன்கள் புகுந்து போயின.

"எத்தனை வருஷமா இந்த ஸ்கூல்ல இருக்கேன்" என்றார். "நானும் பாத்ததே இல்ல, தெரியுமா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மார்க்கு வாங்கியவர்களைச் சுருட்டி, ஆளுக்கு ஒரு முனையாகத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்பினோம். தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. தையல்கடையைத் தாண்டினோம். வழக்கமாக அவர் முகம் மாறுகிற இடம் அது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கப் பயமாக இருந்தது. கேட்டுக்குள் கால் வைத்ததும் என் வாய் தானாகவே பழைய பாடத்தைச் சொன்னது.

"சார், அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

அவர் தூக்கிப் பிடித்தார். கிரவுண்டில் பிள்ளைகள் நின்றார்கள். வராந்தாவில் கெமிஸ்ட்ரி டீச்சர் நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி, அப்பா வீட்டில் பேசுகிற அதே குரலில் சொன்னார்.

"பைய வா பாப்பா. தரை வழுக்கும்."

நான் பைய நடந்தேன்.